கூரை தூக்கிய வண்டி

நான் தட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷம் பத்தாகப் போகிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்த வண்டியைப் பற்றிய பேச்சு எடுக்கப்படாமல் இருப்பதில்லை. எடுத்தால், யாராவது ஓர் அத்தையோ சித்தியோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவதான தட்னா" என்று முடிக்காமல் இருப்பதும் இல்லை. சின்னப் பிள்ளைதானே, தெரியாமல் செய்துவிட்டாள் என்று கன்னத்தை வேறு கிள்ளுவார்கள். இப்போது எனக்குக் கன்னத்தைக் கிள்ளுகிற வயது இல்லை. ஆனால் பழி மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு குட்டியானை இருந்தது. சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாளில் வைக்கோல், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டு அண்டா குண்டான் என்று அந்த வண்டி ஓயாமல் ஓடும். அப்பாவும் ஓயாமல் ஓட்டுவார். ஓய்ந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்தால் எல்லாருடைய அப்பாவும் பழைய சினிமாச் சண்டை பார்ப்பார்கள். என் அப்பா வெள்ளைக்காரர்கள் வண்டியில் குடித்தனம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வீடியோவில் ஒரு கணவன் மனைவி. அவர்கள் லாரியின் முதுகில் ஒரு பெட்டி. ஓடும்போது பெட்டி தாழ்வாக, சாதுவாக இருக்கும். ஏதாவது ஒரு மலையடியில் நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அதன் கூரை மட்டும் மேலே எழும்பும். நாலு பக்கமும் துணிச் சுவர் விரியும். உள்ளே அடுப்பு, படுக்கை, ஜன்னலுக்குத் திரை கூட உண்டு. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது படித்ததால், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு விளங்கியது 'ரூஃப்' என்ற ஒரு வார்த்தைதான். மீதியை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். அப்பா பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அவர் போனோடு வெல்டிங் கடைக்குப் போனார். கடைக்காரர் அதுவரை ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் மட்டுமே செய்தவர். வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இது இன்னா பெரிய வேல, குயாய்க்குள்ள குயாய வுட்டா மேல வருது" என்றார். அப்படியே செய்தும் காட்டினார். இரும்புச் சட்டம், தகரப் பக்கங்கள், தகரக் கூரை. நாலு மூலையிலும் குழாய்க்குள் குழாய். பொத்தானெல்லாம் கிடையாது. நாலு மூலைக்கு நாலு பேர் நின்று கூரையைத் தூக்கி, குழாயின் ஓட்டையில் கம்பியைச் செருகினால் அது நின்றுவிடும். இடைவெளியைச் சுற்றித் தார்ப்பாய்ச் சுவர், அதில் கொசுவலை தைத்த இரண்டு ஜன்னல். கிளம்பும்போது கம்பியை உருவிக் கூரையை இறக்கி, நாலு மூலையிலும் கொக்கி போட வேண்டும். சரக்கு ஓட்டுகிற நாட்களில் பெட்டியையே கழற்றி நாலு இரும்புக் கால்களின் மேல் வாசலில் நிறுத்திவிடலாம்.

பின்பக்கம் ஏறுவதற்கு வெல்டிங்காரர் தன் சொந்த யோசனையில் இரண்டு படிகள் வைத்திருந்தார். அழகான படிகள், பூ வேலைப்பாடெல்லாம் செய்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அப்பா அவரைக் கூப்பிட்டு அந்தப் படிகளை அறுத்து எடுக்கச் சொன்னார். கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும்தான். நான் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கியிருந்தேன். அதற்குப் பதில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஸ்டூல் போதும், போ" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் அந்த அளவில்தான் இருக்கும்.

எனக்கு இரண்டு வாக்குறுதிகள் தரப்பட்டன. முதல் பயணம் மகாபலிபுரத்துக்கு, கடற்கரையில் ஒரு இரவு. இரண்டாவது, பெட்டியிலிருந்து டிரைவர் தலைக்கு மேலே நீண்டிருந்த படுக்கை எனக்கு. இரண்டையும் நான் வகுப்பில் அறிவித்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு வேலையும் தரப்பட்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பின்னால் கூரை எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. அதனால் கூரை இறங்கி, நாலு கொக்கியும் விழுந்ததை நான் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தகரத்தில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் வண்டி நகரும், தட்டாவிட்டால் நகராது. இவ்வளவு பெரிய அதிகாரம் என் வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது. வாசலிலேயே வைத்து நாலைந்து முறை ஒத்திகை பார்த்தோம். ஒரு முறை கூட நான் கொக்கியைப் பார்க்காமல் தட்டியதில்லை. இதற்கு வெல்டிங்காரரே சாட்சி.

இனி பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே அண்ணன். அடுத்த தெருவில் வீடு. நடந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் மூன்று வருஷமாக அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. காரணம் என் காது என்று சொல்வார்கள். இதுவும் அநியாயம்தான். எனக்குக் காது குத்த நாள் குறித்தபோது, அப்பா பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு பைக்கில் ஊர் ஊராகப் போனார். முதல் பத்திரிகை அண்ணனுக்கு, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீடு தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அன்று என்ன அவசரமோ, பஸ் ஸ்டாப் பக்கம் பெரியப்பாவைப் பார்த்ததும் பைக்கை அணைக்காமல், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பத்திரிகையை நீட்டிவிட்டார். "வந்துடுண்ணா" என்று சொல்லிவிட்டுப் போயும் விட்டார்.

பெரியப்பா அந்தப் பத்திரிகையை எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்தார். "வண்டிய வுட்டு எறங்காம பத்திரிக குடுத்தவன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். காதுகுத்துக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பெரியம்மா மட்டும் தினமும் கஞ்சி கொண்டுவந்தார். பெரியப்பா தெருமுனையில் நின்று, எப்படி இருக்கிறாள் என்று பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார். எனக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பெரியப்பா என்றால் வாசலுக்கு வெளியே இருப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

வண்டி முழுதாகத் தயாரான வாரம் அப்பா வாக்கு மாறினார். முதல் பயணம் மகாபலிபுரம் இல்லை, தென்னேரிப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயில். புது வண்டி முதலில் சாமியிடம்தான் போக வேண்டுமாம். விடியற்காலையில் ஏரியில் குளித்துப் பொங்கல் வைப்பது வழக்கம் என்பதால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும். அதனால் பெரியப்பாவும் பெரியம்மாவும் வருகிறார்கள். நான் கடலைப் பற்றி வகுப்பில் சொன்னதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். யாரும் பொறுப்பேற்கவில்லை.

அப்பா பெரியப்பாவைக் கூப்பிடப் போனபோது நானும் கூடப் போனேன். வண்டியை அடுத்த தெருவின் முனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பையும் அதிலேயே விட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். வெயிலில் தார் ரோடு கொதித்தது. ஓர் ஆள் பிக்னிக்குக்குக் கூப்பிட இப்படியா போவார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரியப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் கேட்டார். தட்டை உடனே வாங்கவில்லை.

"கோயிலுக்குன்றதால வரேன்" என்றார் கடைசியில். "உன் வூட்டுக்கு இல்ல. ராவிக்கு மரத்தடியில படுத்துக்குவேன்."

"மரத்தடியில ஏண்ணா. வண்டியில படுக்கலாம். வண்டிதானே, அது இன்னா வூடா?" என்றார் அப்பா.

பெரியப்பா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். வண்டியில் குடித்தனம் என்றால் குறைவாகச் சாமான் ஏற்ற வேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா ஆறு பாத்திரம், இரண்டு குடம், கேஸ் அடுப்பு, அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒரு கட்டு விறகு, எல்லாம் ஏற்றினார். படையலுக்கு மிக்ஸியில் அரைத்த மசாலா ஆகாது என்று பெரியம்மா ஓர் அம்மிக்கல்லையும் குழவியையும் ஏற்றினார். சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று காலில் கயிற்றோடு வந்தது. அதை எங்கே கட்டுவது என்று பேசி, கடைசியில் டிரைவர் தலைக்கு மேலே இருந்த படுக்கையில் கட்டினார்கள். அது என் படுக்கை. வாலாஜாபாத் தாண்டுவதற்குள் அது அந்தப் படுக்கையை என்ன செய்து வைத்தது என்பதை நான் எழுத விரும்பவில்லை.

பெரியப்பா வண்டியில் ஏறிய விதத்தையும் சொல்ல வேண்டும். தெருமுனையில் வண்டி நின்றது. அப்பா இறங்கி ஓடிவந்து ஸ்டூலைப் போட்டார். பெரியப்பா ஸ்டூலைப் பார்த்தார், பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். படி அறுத்த இடத்தில் வெல்டிங் தழும்பு இன்னும் பளபளவென்று இருந்தது. அதையும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஒரு கால் வைத்து உள்ளே ஏறிவிட்டார். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றவருக்காக அப்பா படியே இல்லாத வீடு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார் என்பது இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. அப்போது நான் நினைத்ததெல்லாம், பூ வேலைப்பாடு செய்த படி இருந்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டு ஏற வேண்டாமே என்பதுதான்.

வழியில் பள்ளம் விழுந்த இடத்தில் சாம்பார் கவிழ்ந்தது. குழவி உருண்டுவந்து பெரியம்மாவின் கால் விரலில் இடித்தது. தாழ்ந்த கூரைக்குள் நாலு பேரும் கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெரியப்பா ஒரு முறை தகரத்தின் கனத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல கேஜுதான் போட்டுக்கீறான்" என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஏரிக்கரையை ஒட்டி ஒரு மேடை, சூலம், இரண்டு மண் குதிரை, அவ்வளவுதான். சாமியைப் பார்த்து நிறுத்துவதுதான் மரியாதை என்று அப்பா வண்டியின் முகத்தை மேடைக்கு நேராக வைத்து நிறுத்தினார். பக்கத்தில் ஒரு பெரிய வேப்பமரம். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டி, நாலு மூலைக்கு நாலு பேர் நின்று கூரையைத் தூக்கினோம். ஒரு மூலைக்கு நான். முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி அந்த வண்டிக்குள் நின்றோம். தார்ப்பாய் ஜன்னல் வழியாக ஏரிக்காற்று வந்தது. அம்மா அரிசி மூட்டை, பாத்திரம், பாய் தலையணை எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். பெரியப்பா எதிரெதிராக இருந்த இரண்டு கீழ்ப் படுக்கைகளில் ஒன்றில் மெல்லச் சாய்ந்து பார்த்தார். அப்பா வெளியே நின்று ஜன்னல் வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பையன் மாதிரி.

"இது இன்னா தெச?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்பா சூரியனைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தலையணைப் பக்கம் நேர் வடக்கு.

"வடக்கால தல வெச்சா படுக்க சொல்ற?" என்று பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பிடி மாத்திப் படுத்துக்கலாம் மாமா" என்றார் அம்மா.

"மாத்திப் படுத்தா காலு எங்க நீட்டுது பாரு. சாமி மேல."

அதுவும் உண்மைதான். இப்படிப் படுத்தால் எமனுக்கு, அப்படிப் படுத்தால் சாமிக்கு அவமரியாதை. அந்த வெள்ளைக்காரர்கள் எத்தனையோ விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். படுக்கையின் தலைமாடு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியப்பா ஸ்டூல் வழியாக இறங்கிவிட்டார். நான் மரத்தடியிலேயே படுத்துக்குவேன் என்று துண்டை உதறத் தொடங்கினார். அப்பா பதறிப்போனார்.

"இருண்ணா, வண்டியத் திருப்பிடறேன். தல கெயக்கால வந்துடும். ரெண்டு நிமிஷம்" என்றார். என்னிடம் வந்து, "கூரைய எறக்கு. கொக்கி போட்டுட்டுத் தட்டு. அப்பால நான் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

நான் உள்ளே ஏறினேன். அம்மாவும் நானும்தான் உள்ளே. பரப்பிய சாமானை ஒதுக்கினால்தான் கூரையை இறக்க முடியும். அம்மா ஒரு மூலையைத் தோளால் தாங்கிக்கொண்டார். நான் முதல் கம்பியை உருவ முயன்றேன். அது இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கையும் அந்தக் கம்பியில் இருந்தன. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

அப்போது வெளியே தகரத்தில் டொம் டொம் என்று இரண்டு தட்டு விழுந்தது. நம் ஊரில் ஒரு வண்டி திரும்பினால் சும்மா நிற்கிற ஆண்பிள்ளை யாராவது பின்னால் போய் நின்று, வா வா என்று கை காட்டி, தகரத்தில் தட்டித்தான் ஆக வேண்டும். யாரும் அவரை நியமித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அப்படி நின்றவர் பெரியப்பா.

"வுடுடா, எடம் நெறைய கீது" என்ற குரலும் கேட்டது.

அப்பாவுக்கு இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்டிருக்காது. தட்டு மட்டும் கேட்டிருக்கும். வண்டி பின்னால் போய் வளைந்து திரும்பியது. வரும்போது கூரை தாழ்ந்திருந்ததால் வேப்பமரத்தின் கிளை எங்களை ஒன்றும் செய்யவில்லை. இப்போது அது தூக்கிய கூரையின் நடுவில் வந்து மாட்டியது. முதலில் ஒரு கிறீச். பிறகு குழாய்கள் வளைந்தன. தார்ப்பாய் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கிழிந்தது. சேவல் கத்திக்கொண்டு என் தலையில் விழுந்தது. நான் அரிசி மூட்டையின் மேல் விழுந்தேன். அம்மா எப்படியோ என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒருவருக்கும் அடியில்லை. கூரை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, தொப்பியைக் கோணலாக வைத்ததுபோல நின்றது.

அப்பா ஓடிவந்தார். முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். வண்டியோடு கூடவே நடந்துவந்த பெரியப்பாவின் கை இன்னும் தகரத்தின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போல. அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அப்பா அந்தக் கையைப் பார்த்தார். அப்பா பார்த்ததைக் கிழிந்த தார்ப்பாய் வழியாக நான் பார்த்தேன்.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கூரைய எறக்காம ஏன்டி தட்ன?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சேவல்தான் இருந்தது.

"நான் தட்டல. பெரிப்பாதான் தட்னாரு" என்றேன்.

"பொய் சொல்லாத. தட்ற வேல யாருது? உன்துதான? அறிவு கீதா உனுக்கு?" அவர் அதுவரை என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. கத்தும்போது என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக் கத்தினார். "இனிமே இவ தட்ட வாணாம். அவங்க அம்மா தட்டட்டும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். என் பக்கத்திலேயே நின்றவர். என் இரண்டு கையும் எங்கே இருந்தன என்று கண்ணால் பார்த்தவர். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். காதருகே குனிந்து, "இப்ப அவரு கோச்சிக்கினு பூட்டாருன்னா இந்த ஜென்மத்துல திரும்ப மாட்டாரு. வாய மூடினு இரு" என்றார். போகட்டுமே, யார் பிடித்து வைத்தது என்று எனக்குத் தோன்றியது. தப்பு செய்தவர் போவதில் என்ன நஷ்டம்? பெரியப்பா தகரத்திலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறவர்போல என்னைப் பார்த்தார். பிறகு கரையில் ஏறிப்போய் ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அப்பா ஒரு கயிற்றால் கூரையை மரத்தோடு இழுத்துக் கட்டினார். வண்டி இப்போது சரியாகத்தான் நின்றது, தலை கிழக்கே. இருட்டுவதற்கு முன்பே பெரியம்மா போய்ப் பெரியப்பாவை அழைத்துவந்தார். அவர் மறு பேச்சில்லாமல் வண்டியில் படுத்துக்கொண்டார். அவருக்கு எதிர்ப் படுக்கையில் அப்பா. கிழிசல் வழியாக வானம் தெரிகிறது என்று இருவரும் பேசிக்கொண்டது கேட்டது. நான் அவர்களோடு படுக்க மறுத்து டிரைவர் சீட்டில் சுருண்டுகொண்டேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அதற்கும் சேர்த்து அழுதேன்.

காலையில் அண்ணனும் தம்பியும் ஈர வேட்டியோடு ஆளுக்கொரு விறகைப் பிடித்து அடுப்பு மூட்டினார்கள். பொங்கல் பொங்கியது. எல்லாரும் குலவையிட்டார்கள். சேவல் சாமிக்குப் போனது. அந்த வண்டியில் என்னைப்போலவே அநியாயத்துக்கு ஆளான ஒரே ஜீவன் அதுதான் என்பதால் எனக்கு மேலும் துக்கமாகிவிட்டது. குழம்பை நான் தொடவில்லை. பொங்கலை மட்டும், கோபத்தோடு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது கூரையை ஒரு வழியாக அமுக்கி, நசுங்கியதை நசுங்கியபடியே கட்டினார்கள். அம்மா தகரத்தில் இரண்டு முறை தட்டினார். தப்பாகத் தட்டினார். கொக்கியைச் சுற்றிவந்து பார்க்காமலே தட்டினார். மகாபலிபுரத்துக்கு இனி இந்த வண்டி போகாது என்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்குள் நுழைந்தால் முதலில் வருவது பெரியப்பாவின் தெரு. அப்பா முனையில் வண்டியை நிறுத்தினார். ஸ்டூலை எடுக்க இறங்கப் போனார். உள்ளேயிருந்து பெரியப்பா, "நேரா வுடு" என்றார்.

"எங்கண்ணா?"

"உங்க வூட்டுக்கு வுடுடா."

அப்பா வண்டியை எடுத்தார். எங்கள் வாசலில் வந்து நின்றோம். பெரியப்பா இறங்கினார். குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தால் நேராகச் சொந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். நடுவில் வேறு வீட்டில் கால் வைக்கக் கூடாது. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம், எனக்கே தெரியும். வடக்குத் தெற்கெல்லாம் பார்த்த மனிதருக்கு இது தெரியாதா? பெரியம்மாவாவது எடுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா வாசப்படியின் முன்னால் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"அது தட்லடா. நாந்தான் தட்னேன்."

"தெரியும்ணா" என்றார் அப்பா.

"தெரிஞ்சிக்கினுதான் கொயந்தய அந்தத் திட்டு திட்னியா?"

அப்பா குனிந்து ஸ்டூலை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். பெரியப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு வலது காலைத் தூக்கி வாசப்படியில் வைத்து, உள்ளே போய்விட்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தெரியுமாம். தெரிந்துதான் திட்டினாராம். இதை அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டாகிவிட்டது, எல்லாரும் கேட்டாகிவிட்டது. இனி ஒவ்வொருவராக வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள், என் வேலையைத் திருப்பித் தருவார்கள் என்று வாசலிலேயே நின்றேன். யாரும் வரவில்லை. அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். காலையில் சாப்பிட்ட பொங்கலே போதும், ஆனாலும் அம்மா அவசர அவசரமாகத் தோசைக்கல்லைப் போட்டார். மாவு அவர் கையெல்லாம் வழிந்தது. கூடத்தில் நடுவில் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, பெரியப்பாவை உட்கார வைத்தார்கள். முதல் தோசை அவருக்கு. வண்டியை உடைத்தவருக்கு, என்மேல் பழி விழ விட்டவருக்கு, கோயில் சட்டத்தை மீறியவருக்கு, முதல் தோசை. பெரியம்மா அழுகிறார், அம்மா சிரிக்கிறார், இல்லை அம்மாவும் அழுகிறார், ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா உள்ளே வரவில்லை. வண்டியின் பின்னால் நின்று, கிழிந்து தொங்கிய தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபோதுதான் அவரும் அழுகிறார் என்று தெரிந்தது. இரண்டு மாதம் பாடுபட்டுச் செய்த கூரை ஒரே நாளில் போய்விட்டதே என்று அழுகிறார் என நினைத்தேன். நன்றாக அழட்டும் என்று சொல்லிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.